தந்தையின் தொழில்

கட்டிலிருந்து ஐந்து மீற்றர் நாற்பத்தொன்று.
நேற்றையிலும் ஒரு சென்ரிமீற்றர் கீழே.
கோண்டாவிலில் ஒரு வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக்
காலை ஆறு பத்துக்கு அளந்து
கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லி
எனக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை,
பதினேழு மாதமாக.

திட்டம் முடிந்தது என்று சொன்னார்கள்.
தண்ணீர் முடியவில்லை, நைத்திரேற்றும் முடியவில்லை,
திட்டம் மட்டும் முடிந்தது.
வெள்ளை ஜீப்பைக் கொண்டுபோனார்கள்.
மானிகளைக் கொண்டுபோனார்கள்.
இந்த ஐம்பது மீற்றர் நாடாவை மறந்துவிட்டார்கள்,
அல்லது நான்
திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

சுகிர்தா ஏழரைக்குப் பிரதேச செயலகத்துக்கு வெளிக்கிடுவாள்.
ஸ்கூட்டியை எடுக்க முன்
சீனிப் பேணிக்குக் கீழே ஆயிரம் ரூபாய் வைப்பாள்.
நான் கேட்காமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி.
நான் எடுக்காமல் விட்டால்
மறுநாள் இன்னொன்று வராது.
அந்தக் கணக்கில் அவள் கெட்டிக்காரி.

தம்பி ஸ்காபரோவில் ட்றக் ஓடுகிறான்.
சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவன்.
மாதாமாதம் அவளுடைய வங்கிக் கணக்கில் காசு போடுகிறான்.
எனக்குத் தெரியாது என்று
இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.
நானும் தெரியாமலே இருக்கிறேன்.
அதுவும் ஒரு வேலைதான்.

"டொக்டர் நிக்கிறாரோ?"
படலையில் ஒரு மனிசி, தோளில் காய்ச்சல் பிள்ளை.
நான் அந்த டொக்டர் இல்லை அம்மா.
"அப்ப எந்த டொக்டர்?"
நிலத்துக்குக் கீழ ஓடுற தண்ணிக்கு.
என் காலடியைப் பார்த்தாள்.
பிறகு பிள்ளையின் தலைத் துணியை இழுத்துவிட்டு
"அதுக்கும் காய்ச்சல் வருமோ?" என்றாள்.
பகிடியில்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.
வரும், என்றேன்.

முன்வீட்டு நவநீதராசா குழாய்க் கிணறு அடிக்கிறார்.
எத்தனை அடியில் சுண்ணாம்புப் பாறை, எங்கே உவர் ஏறும் என்று
பின்னேரம் முழுக்க என்னைக் கேட்டார்.
தேத்தண்ணி தந்தார்.
அடுத்த நாள்
உள்ளங்கையில் தேங்காய் வைத்து வளவெல்லாம் நடந்தவருக்கு
எட்டாயிரம் கொடுத்தார்.
தேங்காய் நிமிர்ந்த இடமும்
நான் சொன்ன இடமும் ஒன்றுதான்.

போன செவ்வாய் நேர்முகம், கணினித் திரையில்.
நடுவில் இருந்தவன் பவித்திரன்.
சோக் பூசிய நாடாவைக் கிணற்றுக்குள் எப்படி விடுவது,
நனைந்த இடத்தை எப்படி வாசிப்பது என்று
உரும்பிராயில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் நின்று
நான் காட்டிக் கொடுத்த பெடியன்.
"சேர்" என்று தொடங்கி நாக்கைக் கடித்தான்.
"நீங்கள் இந்த வேலைக்குக் கூட, சேர்."
கூட.
அந்தச் சொல்லை ஒரு கிழமையாக மெல்லுகிறேன்.
உப்புக் கூட. புளி கூட. வயது கூட.
கறியென்றால் தண்ணீர் விட்டுக் குறைக்கலாம்.

நேற்றிரவு மகளின் பள்ளிக்கூடப் படிவம்
சாப்பாட்டு மேசையில் கிடந்தது.
பெயர், நீலப் பேனையில்.
முகவரி, நீலப் பேனையில்.
தாயின் தொழில்: முகாமைத்துவ உதவியாளர்.
அதுவும் நீலம்.
தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்குள்
நீர்நிலவியலாளர் என்று
பென்சிலால் எழுதியிருந்தாள்,
அழுத்தாமல்.

நான் பேனையை எடுத்தேன்.
மூடியைத் திறந்தேன். மூடினேன்.
சொல்லில் ஒரு லகரம் ளகரமாகியிருந்தது.
அதை மட்டும் திருத்தினேன்,
பென்சிலாலேயே.

ஐந்து மீற்றர் நாற்பத்திரண்டு.
ஆவணிக்கு இது வழமைதான்.
மாரி வந்தால் ஏறும்,
கிணறு.